ஆர்எஸ்2 மென்பொருள்: சுரங்கப்பாதை வடிவமைப்பாளர் பார்வையில் ஒரு மதிப்புரை

பாறைக்குள் சுரங்கப்பாதை வடிவமைக்கும் அலுவலகங்கள் பலவற்றில் ராக்சயின்ஸ் நிறுவனத்தின் ஆர்எஸ்2 மென்பொருளைக் காணலாம். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பாறைப் பொறியியல் ஆய்வுக் குழுவிலிருந்து 1996-ல் தனி நிறுவனமாகப் பிரிந்து வந்தவர்கள் உருவாக்கிய இந்த மென்பொருள் முன்பு ஃபேஸ்2 என்ற பெயரில் விற்கப்பட்டது. மூத்த பொறியாளர்கள் இன்றும் அதை அந்தப் பெயரிலேயே குறிப்பிடுகிறார்கள். சுரங்கத்தின் குறுக்குவெட்டை இரு பரிமாணத்தில் வரைந்து, சுற்றியுள்ள நிலத்தைச் சிறு சிறு முக்கோணங்களாகப் பிரித்து, தோண்டுவதற்கு முன்பும் பின்பும் தகைவு, அதாவது பாறைக்குள் ஓர் அலகுப் பரப்பில் நிலவும் விசை, எப்படி மாறுகிறது, பாறை எவ்வளவு உள்நோக்கி நகர்கிறது, எந்த ஆழம் வரை நொறுங்குகிறது, சுவரைத் தாங்கும் உறையான லைனிங்கும் பாறைக்குள் அடிக்கும் போல்ட்டுகளும் எவ்வளவு சுமை ஏற்கின்றன என்பதையெல்லாம் வரம்புறு உறுப்பு முறையில் கணக்கிட்டுத் தருவது இதன் வேலை. வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் சிறு ஆலோசனை நிறுவனங்களையும், முதுகலை மாணவர்களையும், வடிவமைப்பாளர் தரும் அறிக்கையைச் சரிபார்க்க வேண்டிய திட்டப் பொறியாளர்களையும் மனத்தில் வைத்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாறைச் சுரங்கத்துக்கான இரு பரிமாணக் கருவிகளில் நான் முதலில் கைநீட்டுவது இதைத்தான். ஆனால் அதற்குக் காரணம் திரையில் விரியும் வண்ணப் படங்கள் அல்ல. லைனிங்கை எப்போது பொருத்துகிறோம் என்ற கேள்விக்கு எண்ணில் பதில் சொல்ல இந்த மென்பொருள் இடம் தருகிறது. சுரங்கத்தின் பாதுகாப்பில் பாதி அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அதே மென்பொருளில் அந்தக் கேள்வியைத் தொடாமலேயே கணக்கை முடித்து, அழகான அறிக்கையும் அச்சிட்டுவிட முடியும் என்பதை வாங்குபவர் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

மாதிரி அமைக்கும் வேலை எளிது. ஆட்டோகேட் கோப்பிலிருந்து குறுக்குவெட்டைக் கொண்டுவந்து, வெளி எல்லையைப் போட்டு, வலையமைப்பை உருவாக்கும் வரை ஒரு புதியவருக்கும் பெரிய தடை ஏற்படாது. முதலில் நிதானிக்க வேண்டிய இடம் நிலத்தகைவைக் கேட்கும் உரையாடல் பெட்டி. நிலத்தகைவு எங்கும் ஒரே அளவா, ஆழத்தோடு கூடுவதா என்று அது கேட்கிறது. 300 மீட்டர் ஆழத்தில் 10 மீட்டர் விட்டமுள்ள சுரங்கத்துக்கு உச்சிக்கும் தரைக்கும் இடையே செங்குத்துத் தகைவு சுமார் 0.27 மெகாபாஸ்கல்தான் மாறும், மொத்தம் 8.1 மெகாபாஸ்கல் இருக்கும் இடத்தில் அது மூன்று விழுக்காட்டைச் சற்றே தாண்டும், ஆகவே ஒரே அளவு என்று வைத்துக்கொள்வதில் பிழையில்லை. உச்சிக்கு மேல் 20 மீட்டர் மட்டுமே பாறை உள்ள மெட்ரோ சுரங்கத்தில் அதே 0.27 மெகாபாஸ்கல் பாதிக்குப் பாதி வேறுபாடாகிவிடுகிறது. அங்கே ஒரே அளவு என்ற தெரிவைப் போட்டுவிட்டு நிலமட்டத் தாழ்வைப் பற்றிப் பேசுவது வீண்.

அதே பெட்டியில் கேட்கப்படும் இன்னோர் எண், கிடைத்தகைவுக்கும் செங்குத்துத் தகைவுக்குமான விகிதம். வழக்கில் அதைக் கே என்பார்கள். உலகெங்கும் அளந்த தரவுகளை வைத்துப் பாறைப் பொறியியல் அறிஞர்களான ஹோக்கும் பிரவுனும் 1978-ல் வரைந்த எல்லைக் கோடுகளின்படி, 300 மீட்டர் ஆழத்தில் அந்த விகிதம் 0.63 முதல் 5.5 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இவ்வளவு அகன்ற இடைவெளியில் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறோம் என்ற உணர்வு பெட்டியை நிரப்பும்போது பலருக்கு வருவதில்லை. வட்டத் துளையைச் சுற்றிய தகைவுக்கு 1898-ல் கிர்ஷ் கண்டறிந்த தீர்வைக் கொண்டு கையால் போட்டுப் பார்த்தாலே வேறுபாடு புலப்படும். செங்குத்துத் தகைவு 8.1 மெகாபாஸ்கல், கே 0.5 என்றால், வட்டச் சுரங்கத்தின் பக்கச்சுவரில் 20.25 மெகாபாஸ்கலும் உச்சியில் 4.05 மெகாபாஸ்கலும் வரும். கே 2 ஆகிவிட்டால் உச்சியில் 40.5, பக்கச்சுவரில் 8.1. பாறை நொறுங்கும் இடமே மாறிவிடுகிறது. போல்ட்டுகளை எங்கே நெருக்கமாக அடிக்க வேண்டும் என்பதும் உடன் மாறுகிறது. கே மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் உச்சியில் இழுவிசையே தோன்றும். சுரங்கத்தின் நீளவாக்கில் உள்ள தகைவுக்கும் தனியாக ஒரு விகிதம் கேட்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். பெட்டியில் ஏற்கெனவே இருக்கும் எண்ணை அப்படியே விட்டுவிடுவது வசதிதான். ஆனால் அந்த வசதிக்கு நில ஆய்வில் எந்த ஆதாரமும் இருக்காது.

கிர்ஷ் கணக்கை இங்கே கொண்டுவந்ததற்கு வேறு காரணமும் உண்டு. எந்தப் புதுப் பதிப்பு வந்தாலும், எந்தப் புதிய பொறியாளர் வேலையில் சேர்ந்தாலும், மீட்சியுள்ள பாறையில் ஒரு வட்டத் துளையைப் போட்டு, சுவரில் வரும் தகைவைக் கையால் போட்ட விடையோடு ஒப்பிடச் சொல்வதே நல்ல தொடக்கம். மென்பொருளோடு வரும் சரிபார்ப்புக் கையேடும் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறது. மூன்று முனை முக்கோணங்களைப் பெரிதாகப் போட்டால் சுவரை ஒட்டிய தகைவு குறைவாகவே வரும். பக்கங்களின் நடுவிலும் கணக்குப் புள்ளி உள்ள ஆறு முனை முக்கோணங்களுக்கு மாறி, சுவரருகே வலையை நெருக்கினால் விடை வந்து சேரும். வெளி எல்லையைச் சுரங்கத்துக்கு மிக அருகில் வைத்தாலும் விடை கெடும். இந்த இரண்டையும் ஒரு மணி நேரத்தில் கண்ணால் பார்த்துவிடலாம். பிறகு எந்த வலையமைப்பைப் பார்த்தாலும் நம்பலாமா என்று தெரிந்துவிடும்.

இனி விஷயத்தின் நடுவுக்கு வருகிறேன். பலமற்ற பாறையில் ஒரு எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஆரம் 5 மீட்டர், எல்லாத் திசையிலும் 8.1 மெகாபாஸ்கல் தகைவு, பாறைத் தொகுதியின் அமுக்க வலிமை 2 மெகாபாஸ்கல், உராய்வுக் கோணம் 30 பாகை, உருமாற்றக் குணகம் 1,000 மெகாபாஸ்கல், பாய்சான் விகிதம் 0.3. லைனிங் எதுவும் இல்லாமல் விட்டால், மோர்–கூலும் வலிமை விதிக்கான மூடிய தீர்வு, அதாவது வாய்பாட்டில் நேராகப் போட்டுப் பெறும் விடை, சொல்வது இது: சுரங்கத்தைச் சுற்றி 10.7 மீட்டர் ஆரம் வரை பாறை நெகிழ்ந்து நொறுங்கும். சுவர் 167 மில்லிமீட்டர் உள்ளே வரும். ஆரத்தோடு ஒப்பிட்டால் இது 3.3 விழுக்காட்டுத் திரிபு. ஹோக் தரும் எளிய வாய்பாடும், அதாவது வலிமைக்கும் தகைவுக்குமான விகிதத்தின் இருபடித் தலைகீழை 0.2-ஆல் பெருக்குவதும், ஏறத்தாழ அதே 3.3-ஐத்தான் தருகிறது. அவருடைய வகைப்பாட்டில் 2.5 முதல் 5 விழுக்காடு வரை என்பது கடுமையான நெருக்குதல் உள்ள நிலம். ஆர்எஸ்2-ல் இதே எண்களைக் கொடுத்தால், வலை நன்றாக இருக்கும்பட்சத்தில், இதே விடையைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

இப்போது 200 மில்லிமீட்டர் தடிமனில் ஷாட்கிரீட் (தெளித்துப் பூசும் கான்கிரீட்) லைனிங் போடுகிறோம். 25 மெகாபாஸ்கல் வலிமையுள்ள ஷாட்கிரீட் முழு வளையமாக மூடியிருந்தால், அது தாங்கக்கூடிய உச்ச அழுத்தம் 0.98 மெகாபாஸ்கல். அதன் குணகத்தை 20,000 மெகாபாஸ்கல் என்று வைத்தால், வெறும் 6 மில்லிமீட்டர் அமுங்கியதுமே அது அந்த எல்லையைத் தொட்டுவிடும். 167 மில்லிமீட்டர் நகரத் துடிக்கும் பாறைக்கு நடுவே 6 மில்லிமீட்டர் மட்டுமே பொறுக்கும் ஒரு வளையத்தை வைக்கிறோம் என்றால், அதை வைக்கும் நேரமே எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

தோண்டலும் லைனிங்கும் ஒரே கட்டத்தில் நடப்பதாக மாதிரியில் போட்டால், பாறை ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதற்கு முன்பே லைனிங் அங்கே இருப்பதாக மென்பொருள் எடுத்துக்கொள்ளும். அப்போது லைனிங்குக்கு வரும் அழுத்தம் சுமார் 4.3 மெகாபாஸ்கல், அதன் திறனைப் போல நான்கு மடங்குக்கும் மேல். உண்மையில் எந்தச் சுரங்கத்திலும் அப்படி நடப்பதில்லை. தோண்டுமுகம் ஓரிடத்தை வந்தடையும்போதே அங்குள்ள பாறை கொஞ்சம் உள்ளே வந்துவிட்டிருக்கும். முகம் முன்னேற முன்னேற மீதியும் வரும். விளாக்கோபுலோஸ், டீடெரிக்ஸ் இருவரும் 2009-ல் தந்த நீளவாக்கு இடப்பெயர்ச்சி வாய்பாட்டை இந்த எடுத்துக்காட்டுக்குப் போட்டால், தோண்டுமுகத்திலேயே 40 மில்லிமீட்டர், 2 மீட்டர் பின்னால் 72 மில்லிமீட்டர், 5 மீட்டர் பின்னால் 104 மில்லிமீட்டர் நகர்ந்து முடிந்திருக்கும். அந்தந்த இடத்தில் லைனிங்கைப் போட்டால் அது ஏற்கும் அழுத்தம், முகத்தருகே 1.8 மெகாபாஸ்கல், 2 மீட்டரில் ஏறக்குறைய 0.97, 5 மீட்டரில் 0.48. முதல் நிலையில் லைனிங் உடையும். இரண்டாவதில் அதன் திறனின் விளிம்பில் நிற்கும். மூன்றாவதில் பாதுகாப்புக் காரணி 2 கிடைக்கும். பாறையும் அதே, ஷாட்கிரீட்டும் அதே, தடிமனும் அதே. மாறியது ஐந்து மீட்டர் தூரம் மட்டும்.

தாமதித்துப் போட்டால் எப்போதும் நல்லது என்று இதைப் படித்துவிடக் கூடாது. மூடிய தீர்வுக்குப் பாறையின் எடை தெரியாது. நொறுங்கிய பாறை வலிமை இழந்து தளர்ந்து உச்சியிலிருந்து விழும் என்பதும் தெரியாது. வேலையாட்கள் நிற்கும் இடத்துக்கு மேல் 5 மீட்டர் நீளத்துக்கு ஒன்றும் போடாமல் விடுவதைத் தளத்தில் யாரும் ஒத்துக்கொள்ளவும் மாட்டார்கள். தவிர, புதிதாகத் தெளித்த ஷாட்கிரீட் முதல் நாளிலேயே 25 மெகாபாஸ்கல் வலிமை அடைவதில்லை. ஆகவே நடைமுறையில் முகத்தருகே மெல்லிய முதல் அடுக்கும் போல்ட்டுகளும், பிறகு மிச்சத் தடிமனும், நெருக்குதல் கடுமையான இடங்களில் வழுக்கிச் சுருங்கும் இரும்பு வளையங்களோ ஷாட்கிரீட்டில் விடப்பட்ட நீளவாக்கு இடைவெளிகளோ என்று வேலை போகிறது. ஆஸ்திரியப் பொறியாளர் ராப்செவிச் 1964-ல் புதிய ஆஸ்திரிய சுரங்க முறை என்ற பெயரில் எழுதியதன் அடிப்படையும் இதுவே: பாறையை ஓரளவு நகரவிட்டு, அதன் சுமையை அதையே தாங்க வைப்பது.

இந்த வரிசையை இரு பரிமாண மாதிரிக்குள் கொண்டுவர ஆர்எஸ்2 தரும் வழிகள்தாம் அதன் உண்மையான பலம். முகத்தின் தாங்கும் விளைவைக் காட்ட, தோண்டப்போகும் பகுதியின் குணகத்தைக் கட்டம் கட்டமாகக் குறைத்துக்கொண்டு போகலாம். அல்லது சுவரின் மேல் உட்புற அழுத்தத்தைக் கட்டம் கட்டமாகக் குறைக்கலாம். அல்லது சுமையை விழுக்காட்டில் பிரித்துக் கட்டங்களுக்குப் பங்கிடலாம். முதல் வழியை நான் விரும்புகிறேன். பத்துக் கட்டங்களில் குணகத்தைக் குறைத்து ஓடவிட்டு, எந்தக் கட்டத்தில் சுவர் 72 மில்லிமீட்டர் நகர்கிறது என்று வரைபடத்தில் பார்த்து, அந்தக் கட்டத்தில் லைனிங்கைச் செயல்படுத்திவிட்டு, மீண்டும் ஓடவிட வேண்டும். நிறுவனத்தின் பயிற்சிப் பாடங்களிலேயே இந்த வழி படிப்படியாகக் காட்டப்பட்டிருக்கிறது. வேலை நீளமாகத் தோன்றலாம். ஆனால் அரை நாளில் முடிகிற வேலை. ஆய்வுக்கு வரும் அறிக்கைகளில் எத்தனையோ முறை "40 விழுக்காடு தளர்வு எடுத்துக்கொள்ளப்பட்டது" என்ற ஒற்றை வரியைப் பார்க்கிறோம். அந்த 40 எங்கிருந்து வந்தது என்பதற்கு அரைப் பக்கம்கூட ஒதுக்கப்பட்டிருக்காது. மேலே கண்ட எடுத்துக்காட்டில் லைனிங் உடைவதும் நிற்பதும் அந்த ஒற்றை எண்ணைப் பொறுத்தே இருக்கிறது.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தோண்டி முடித்த பகுதியை மறுபடி தோண்டுவதும் மாதிரியில் ஒரு கட்டமே. உத்தரகண்டின் சில்க்யாரா சுரங்கத்தில் 2023 நவம்பர் 12 அன்று 41 தொழிலாளர்கள் சிக்கிக்கொண்ட சரிவு, தோண்டுமுகத்தில் நடக்கவில்லை. வாயிலிலிருந்து சுமார் 200 மீட்டர் தொலைவில், எப்போதோ தோண்டி முடித்த பகுதியில் நடந்தது. அதன் காரணங்களை இங்கே அலச நான் முனையவில்லை. தோண்டி முடித்த நீளத்தை முடிந்துபோன கணக்காக வைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்: குறுகிய வெட்டை அகலப்படுத்துவது, உருக்குலைந்த லைனிங்கை வெட்டி எடுத்துப் புதிதாகப் போடுவது போன்ற வேலைகளைத் தனிக் கட்டங்களாக மாதிரியில் சேர்த்துப் பார்க்க ஆர்எஸ்2-ல் எல்லா வசதியும் இருக்கிறது, சேர்ப்பவர்கள்தாம் குறைவு.

பாறையின் பண்புகளைக் கொடுக்கும் பகுதியில் இந்த மென்பொருளின் மரபு தெரிகிறது. ஹோக்–பிரவுன் வலிமை விதி இதில் ஒட்டுப்போட்ட வசதி அல்ல. இதன் வேரே அங்கிருந்துதான். அப்படியே சிதையாத பாறையின் அமுக்க வலிமை, பாறை வகைக்கான மாறிலி, ஜிஎஸ்ஐ (புவியியல் வலிமைச் சுட்டெண்), சிதைவுக் காரணி ஆகிய நான்கையும், சிதையாத பாறையின் குணகத்தையும் கொடுத்தால் தொகுதியின் வலிமையும் குணகமும் கணக்காகி வந்துவிடும். இந்த எளிமையில் ஒரு பொறியும் இருக்கிறது. ஜிஎஸ்ஐ என்பது புவியியலாளர் பாறை முகத்தைப் பார்த்து, பிளவுகளின் அமைப்பையும் பரப்பின் தன்மையையும் எடைபோட்டு ஒரு விளக்கப் படத்திலிருந்து படித்துச் சொல்லும் எண். இரண்டு நல்ல புவியியலாளர்கள் ஒரே முகத்துக்கு 30 என்றும் 40 என்றும் சொல்வது அதிசயமல்ல. ஹோக்–டீடெரிக்ஸ் 2006 வாய்பாட்டின்படி, 30 என்றால் தொகுதியின் குணகம் சிதையாத பாறையின் குணகத்தில் 8 விழுக்காடு. 40 என்றால் 16 விழுக்காடு. அந்தப் பத்து மதிப்பெண் வேறுபாடு இடப்பெயர்ச்சியைக் கிட்டத்தட்டப் பாதியாக்கவும் இரட்டிப்பாக்கவும் போதுமானது. எனவே ஒற்றை ஜிஎஸ்ஐ-க்கு ஓடவிட்ட மாதிரியை நான் முழுமையான பகுப்பாய்வாக ஏற்பதில்லை. மேல், நடு, கீழ் என்று மூன்று மதிப்புகளுக்காவது ஓட வேண்டும். நிகழ்தகவு அடிப்படையில் மாறிகளை வரம்பாகக் கொடுத்து ஓடவிடும் வசதியும் இருக்கிறது.

சிதைவுக் காரணியில் நடக்கும் தவறு இன்னும் பெரியது. வெடிவைப்பினாலோ தளர்வினாலோ பாறை சேதமடைந்த அளவை 0 முதல் 1 வரை குறிக்கும் எண் அது. அந்தச் சேதம் சுவரை ஒட்டிய ஓரிரு மீட்டர் வளையத்தில்தான் இருக்கும். ஆனால் மாதிரியில் எல்லாப் பாறைக்கும் ஒரே பொருளை ஒதுக்கிவிடுவதால், ஐம்பது மீட்டர் தள்ளியிருக்கும், வெடியின் அதிர்வுகூட எட்டாத பாறைக்கும் அதே சேதம் ஏற்றப்பட்டுவிடுகிறது. ஜிஎஸ்ஐ 40-க்கு இந்தக் காரணியை 0-இலிருந்து 1 ஆக்கினால் குணகம் 16 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. பிறகு லைனிங்கின் தடிமன் கூடுகிறது, இரும்பு கூடுகிறது, ஏன் கூடியது என்று யாருக்கும் தெரியாது. சுவரைச் சுற்றி ஒரு வளையத்தை வரைந்து அதற்கு மட்டும் சேதமடைந்த பொருளை ஒதுக்குவது ஆர்எஸ்2-ல் சில நிமிட வேலை.

முடிவுகளைப் பார்க்கும் பகுதியில் நான் அதிகம் பயன்படுத்துவது லைனிங்கின் திறன் வரைபடம். அச்சு விசை ஒரு பக்கம், வளைதிருப்பம் ஒரு பக்கம் என்று வைத்து, லைனிங்கின் ஒவ்வொரு துண்டும் ஒரு புள்ளியாக விழ, பாதுகாப்புக் காரணிக்கான எல்லைக் கோடுகளுக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று ஒரே பார்வையில் தெரியும். ஷாட்கிரீட்டையும் இரும்பு வளையத்தையும் சேர்த்துப் போட்டால் இரண்டுக்கும் தனித்தனியாகச் சுமையைப் பங்கிட்டுக் காட்டுகிறது. குதிரைலாட வடிவச் சுரங்கத்தில் எல்லைக் கோட்டைத் தாண்டும் புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்று தேடினால், பெரும்பாலும் பக்கச்சுவரும் தரையும் சேரும் கூர்மூலையில்தான் கிடைக்கும். தடிமனைக் கூட்டுவதைவிட அந்த மூலையை வளைவாக்கித் தரையை வளையமாக மூடுவது மலிவான தீர்வு என்பதை இந்த வரைபடம் சொல்லாமல் சொல்லும். போல்ட்டுகளுக்கும் பல வகைகள் தரப்பட்டுள்ளன; சிமென்ட் குழம்பால் முழுவதும் பிணைந்த போல்ட்டையும் முனையில் மட்டும் பிடிப்புள்ள போல்ட்டையும் வேறுபடுத்தாமல் போடுபவர்களுக்கு அந்த வகைகள் வீண்.

இந்தக் கருவி எதற்கு உதவாது என்பதையும் பார்த்துவிடுவோம். அடிப்படையில் இது பாறையைத் தொடர்ச்சியான ஊடகமாகவே எடுத்துக்கொள்கிறது. பிளவுகளைத் தனித்தனியாக வரையலாம், பிளவு வலைகளையும் உருவாக்கலாம். ஆனாலும் கற்பாளங்கள் கழன்று, உருண்டு, விழும் கதையைச் சொல்ல அதற்கென்றே உள்ள தனித்த உறுப்பு மென்பொருள்கள்தாம் ஏற்றவை. சென்னைப் பரங்கிமலையில் காணப்படும் சார்னோகைட் போன்ற கடினப் பாறையில் ஆழம் அதிகமில்லாத சுரங்கம் போடும்போது தகைவு ஒரு பிரச்சினையே இல்லை. மூன்று பிளவுத் தளங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கழன்று விழும் ஆப்பு வடிவக் கல்தான் ஆளைக் கொல்லும். அங்கே ஆர்எஸ்2-ன் வண்ணப் படம் முழுக்க நீலமாக இருக்கும், எல்லாம் பாதுகாப்பு என்று தோன்றும். அத்தகைய இடத்துக்கு, ஆப்புக் கற்களைக் கணக்கிடும் அதே நிறுவனத்தின் அன்வெட்ஜ் மென்பொருள் போதும், விலையும் வேலையும் குறைவு.

இரண்டு சுரங்கங்கள் சந்திக்கும் இடம், குறுக்குப் பாதை, வாயிலருகே சாய்வாக ஏறும் மலைச்சரிவு, சுரங்கத்தைக் குறுகிய கோணத்தில் வெட்டும் பிளவு வலயம் ஆகியவற்றுக்கு இரு பரிமாணம் போதாது. ஆர்எஸ்3 என்ற முப்பரிமாண மென்பொருளையோ, ஃபிளாக்3டி, பிளாக்சிஸ் 3டி போன்றவற்றையோ நாட வேண்டும். மென்களிமண்ணில் நிலமட்டத் தாழ்வைக் கணிக்கும் வேலையில் பிளாக்சிஸின் மண் மாதிரிகளுக்கு என் வாக்கு. பாறைக்கு ஆர்எஸ்2, மண்ணுக்கு பிளாக்சிஸ் என்று பல அலுவலகங்களில் பிரித்து வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது.

மண்ணைப் பற்றிப் பேச்சு வந்ததால், சிங்கப்பூரின் நிக்கோல் நெடுஞ்சாலை விபத்தை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். 2004 ஏப்ரல் 20 அன்று, வட்டப்பாதை மெட்ரோவுக்காக மேலிருந்து தோண்டிய ஆழமான பள்ளம் சரிந்து 4 பேர் இறந்தார்கள். விசாரணைக் குழு கண்டறிந்தவற்றில் ஒன்று, கடல் களிமண்ணின் வலிமையை மென்பொருளுக்குள் கொடுத்த முறை பற்றியது. நீர் வெளியேற நேரமில்லாத நிலையில் உள்ள மென்களிமண்ணுக்குப் பயன்மிகு தகைவு (நீரழுத்தம் நீங்கலாக மண் துகள்கள் தாங்கும் தகைவு) அடிப்படையிலான வலிமை எண்களை மோர்–கூலும் விதியோடு கொடுத்ததால், மண் உண்மையில் இருப்பதைவிட வலுவானதாகக் கணக்கில் வந்தது. சுவரின் வளைவும் வளைதிருப்பமும் குறைத்து மதிப்பிடப்பட்டன. அதோடு முட்டுகளும் கிடைவிட்டங்களும் சேரும் இணைப்புகளின் குறைபாடும் சேர்ந்துகொண்டது. மென்பொருள் தன் கணக்கில் தவறு செய்யவில்லை. கேட்டதற்குச் சரியான விடையைத் தந்தது. நீர் வடியாத நிலை, நீர் வடிந்த நிலை என்ற தெரிவு ஆர்எஸ்2-லும் ஒரு பெட்டியில் ஒரு சொடுக்காகவே இருக்கிறது. அந்தச் சொடுக்குக்கு அறிக்கையில் ஒரு பத்தி விளக்கம் கேட்பது சரிபார்க்கும் பொறியாளரின் உரிமை.

கற்றுக்கொள்வதைப் பொறுத்தவரை இந்த மென்பொருளுக்கு நல்ல மதிப்பெண் தரலாம். பயிற்சிப் பாடங்கள் தெளிவானவை. சரிபார்ப்புக் கையேட்டில் மூடிய தீர்வுகளோடு ஒப்பீடுகள் வரிசையாக இருக்கின்றன. பாறைப் பொறியியல் பற்றி ஹோக் எழுதிய குறிப்புகளையும் நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். மென்பொருளை வாங்காதவர்களும் அவற்றைப் படிக்க வேண்டும் என்பேன். கட்டணம் ஒரு தனி ஆலோசகருக்கு லேசான சுமையல்ல. ஆண்டுக்கு ஓரிரு சுரங்க வேலை மட்டுமே வருகிற நிறுவனம், முதலில் பாறையின் நகர்வையும் லைனிங்கின் எதிர்ப்பையும் ஒப்பிடும் ஒருங்கல்–தாங்கல் முறையை ஒரு விரிதாளில் எழுதிக்கொள்ளட்டும். மேலே நான் காட்டிய லைனிங் கணக்கு முழுவதும் அந்த வகைதான். வட்டச் சுரங்கம், எல்லாத் திசையிலும் ஒரே தகைவு என்ற வரம்புக்குள் அது ஆர்எஸ்2 தரும் விடைக்கு வெகு அருகில் நிற்கும். வடிவம் வட்டமாக இல்லாதபோது, கே ஒன்றாக இல்லாதபோது, மேல்பாதி கீழ்பாதி என்று பிரித்துத் தோண்டும்போது விரிதாள் கைவிடும். மென்பொருளுக்குச் செலவழிக்க வேண்டிய தருணம் அது.

வாங்கியவர்கள் அதிகம் கண்டுகொள்ளாத ஒரு வசதியையும் குறிப்பிட வேண்டும். முடிவுகளைப் பார்க்கும் பகுதியில், எந்தக் கட்டத்தைத் தொடக்கமாக வைத்து இடப்பெயர்ச்சியைக் காட்ட வேண்டும் என்று நாமே குறிக்கலாம். தளத்தில் அளவீட்டு ஆணிகளைச் சுவரில் பதிப்பது தோண்டுமுகம் கடந்துபோன பிறகுதான். நமது எடுத்துக்காட்டில் 2 மீட்டர் பின்னால் ஆணி பதித்தால், அதற்குள் 72 மில்லிமீட்டர் நகர்ந்து போயிருக்கும். அதை எந்தக் கருவியும் பார்த்திருக்காது. 5 மீட்டரில் முழு வளையத்தை மூடினால் மொத்த இடப்பெயர்ச்சி சுமார் 107 மில்லிமீட்டர், ஆணி காட்டுவது 35 மட்டுமே. மாதிரி 107 சொல்கிறது, தளத்தில் 35 தான் வந்திருக்கிறது, ஆகவே பாறை நினைத்ததைவிட நல்லது, லைனிங்கைக் குறைக்கலாம் என்று கூட்டங்களில் பேசப்படுவதுண்டு. தொடக்கக் கட்டத்தை ஆணி பதித்த கட்டமாக மாற்றி அதே வரைபடத்தை மறுபடி எடுத்துப் பார்த்தால், மாதிரியும் 35 என்றே காட்டும். லைனிங்கைக் குறைக்க அந்த அளவீட்டில் எந்த ஆதாரமும் இல்லை என்பது அதே கூட்டத்திலேயே தெரிந்துவிடும்.